கற்பிக்கும் முன் கொஞ்சம் கெமர்

விடுமுறை நெருங்கினால் நம் வளாகத்தில் ஏதாவது ஒரு மாணவர் குழு வெளிநாட்டுத் தொண்டூழியத்திற்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிடும். நிதி திரட்டுவது, புத்தகங்கள் சேர்ப்பது, பாடத்திட்டம் வகுப்பது என்று வாரங்கள் ஓடிவிடும். போகும் நாட்டின் மொழியைப் பழக மட்டும் நேரம் இருக்காது. "மூன்று வாரம்தானே, ஆங்கிலம் போதும்" என்பார்கள். கம்போடியாவின் கம்போங் தொம் மாநிலத்தில், ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் மூன்று வாரம் ஆங்கில வகுப்புகளுக்கு உதவியவன் நான். ஆங்கிலம் மட்டும் போதாது என்பதே என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில், நாம் யாருக்கு உதவப் போகிறோம்? 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களும் படித்தவர்களும் குறிவைத்துக் கொல்லப்பட்டனர். 15 முதல் 20 இலட்சம் பேர் வரை உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதன்பின், ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே மற்றவர்களுக்குக் கற்பித்துப் பள்ளிகளை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். ஆகவே அந்த வகுப்பறை ஆசிரியர் இல்லாத இடமன்று. ஆசிரியர் இருக்கிறார், நாம் அவருக்கு உதவியாளர்கள். அவரோடும் பிள்ளைகளோடும் பேச அவர்கள் மொழி கொஞ்சமாவது வேண்டும்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. கெமர் எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. ஆண்டு பொறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஐச் சேர்ந்தது. மெய்யெழுத்து வரிசையும் க, ங, ச, ஞ என்று நமக்குப் பழகிய ஒழுங்கிலேயே செல்கிறது. ஆனால் மொழிக் குடும்பம் வேறு. கெமர், வியட்நாமிய மொழிக்கும் மோன் மொழிக்கும் உறவானது. வடமொழிச் சொற்கள் பல அதில் கலந்திருந்தாலும் ஒலி மாறிவிட்டது. குரு, 'க்ரூ' ஆயிற்று. நகரம், 'நொகோர்' ஆயிற்று. மெய்யெழுத்துகள் இரண்டு பிரிவாக இருப்பதும், ஒரே உயிர்க்குறி பிரிவுக்கேற்ப வெவ்வேறாக ஒலிப்பதும் இதற்குக் காரணம். எனவே எழுத்தைப் பார்த்து "எல்லாம் நம்முடையதுதான்" என்று பூரித்துப்போவதில் பயனில்லை. காது கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

எண்களில் தொடங்குவது எளிது. மூய், பீ, பெய், புவன், ப்ராம் என்று ஐந்து வரை கற்றால் போதும். ஆறு என்பது 'ப்ராம் மூய்', அதாவது ஐந்தும் ஒன்றும். ஒன்பது வரை இப்படியே சொல்லலாம். சந்தையில் விலை கேட்கவும் வகுப்பில் பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கவும் இதுவே எனக்கு முதலில் உதவியது.

அடுத்தது உறவுமுறை. பெயர் சொல்லி அழைப்பது அங்கு அவ்வளவாகப் பொருந்தாது. வயதில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, 'போங்', இளையவர் 'ஓன்'. பெற்றோரைவிட மூத்தவர் 'ஓம்'. இளைய ஆண் 'பூ', இளைய பெண் 'மிங்'. பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்தழைக்கும் நமக்கு இது புரியாத கணக்கல்ல. ஆசிரியரை 'லோக் க்ரூ' என்றும் ஆசிரியையை 'நேக் க்ரூ' என்றும் அழைக்க வேண்டும். "ஆம்" என்பதற்கும் ஆண்கள் 'பாட்' என்பார்கள், பெண்கள் 'சா' என்பார்கள்.

பழக்கவழக்கங்களில் ஒத்துப்போவதும் உண்டு, முரண்படுவதும் உண்டு. கைகூப்பி வணங்குவது ஒன்றுதான். ஆனால் எதிரில் இருப்பவரின் மதிப்புக்கேற்ப கூப்பிய கையின் உயரம் கூடும். சிறுவர் தலையில் கைவைத்து வாழ்த்துவது நம் வீட்டு வழக்கம். அங்கே பிறர் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. 'ப்ரஹோக்' எனும் நொதித்த மீன் விழுதின் வாசனை முதல் நாள் திகைக்க வைக்கும். பெலாச்சான் பழகிய நாக்குக்கு ஒரு வாரத்தில் அது பிடித்துப்போகும். "சாப்பிட்டாச்சா?" என்று நலம் விசாரிப்பதும், ஏப்ரல் நடுவில் புத்தாண்டு கொண்டாடுவதும் அங்கும் உண்டு.

மூன்று வாரத்தில் யாரும் ஒரு மொழியில் தேர்ந்துவிட முடியாது. ஆனால் வந்தவர் தம் மொழியைக் கற்க முயல்கிறார் என்பதைக் கண்டதும் பிள்ளைகளுக்குத் துணிவு வந்தது. கெமர்ச் சொல்லை நான் தட்டுத் தடுமாறி உச்சரித்த வகுப்பில், ஆங்கிலச் சொல்லைத் தட்டுத் தடுமாறிச் சொல்ல அவர்கள் கூச்சப்படவில்லை. அங்கிருந்த ஆசிரியையும் என்னிடம் பாடத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்.

கெமரில் கற்பது 'ரியன்', கற்பிப்பது 'பொங்ரியன்'. கல், கற்பி என்று தமிழில் இருப்பதைப் போலவே இரண்டுக்கும் வேர் ஒன்று.

அடுத்த விடுமுறையில் கிளம்பவிருக்கும் நண்பர்களே! பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே எண்கள், உறவுமுறைச் சொற்கள், வணக்கம், நன்றி, மன்னிப்பு ஆகியவற்றைப் பழகத் தொடங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் மீதியை அங்குள்ள பிள்ளைகளிடமே கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள்.