வண்டியும் நாமும் – 17: நிப்பிள் மேலே இருக்கணும்

2024 டிசம்பர் 9 இரவு மும்பை குர்லா மேற்கில் பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரப் பேருந்து ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து, ஏழுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார் ஓட்டுநர். பேருந்தைச் சோதித்த ஆர்.டி.ஓ. அதிகாரிகளோ பிரேக் வேலை செய்கிறது என்றார்கள். அந்தத் துயரத்தின் மற்ற கோணங்களை இங்கே பேச வரவில்லை. பிரேக் பற்றிய எந்தப் புகாரும் கடைசியில் வண்டியைத் திறந்து பார்ப்பதில்தான் போய் நிற்கும் என்பதற்காகவே சொல்கிறேன். திறக்கும்போது உள்ளே இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும்.

செம்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை ஒரு கேரேஜில் விட்டு முன்சக்கர பிரேக் வேலை செய்யச் சொன்னார். புது பேட், பேட்களை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் கழற்றி ரப்பர் சீல் மாற்றம், புது பிரேக் ஆயில். வண்டி கைக்கு வந்த மறுநாள் காலை ஒரு மேம்பாலத்தில் இறங்கும்போது பெடல் தரையைத் தொடுகிற அளவுக்கு உள்ளே போனது. அவர் பதறவில்லை. பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்தார், கொஞ்சம் பிடித்தது. கியரை ஒவ்வொன்றாக இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரங்கட்டினார். சட்டென்று முழுதாக இழுத்திருந்தால் பின்சக்கரங்கள் இறுகி வண்டி சுழன்றிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு கிலோமீட்டர்தானே என்று வண்டியை ஓட்டிப் போகவில்லை. டோயிங் வண்டியை அழைத்து, தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒரு திருநெல்வேலி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

சக்கரத்தைக் கழற்றியதுமே அந்தப் பையன் டார்ச்சை அடித்துக் காட்டினான். “அண்ணாச்சி, இங்க பாருங்க. நிப்பிளு கீழ பாத்து நிக்கி. இடது காலிப்பர வலதுலயும் வலத இடதுலயும் மாட்டிருக்காவ.”

“மாத்தி மாட்டினா பொருந்துமா தம்பி?”

“இந்த வண்டியில பொருந்திரும். அதுதான் வெனையே.”

நிப்பிள் என்பது காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகு. ஆயில் மாற்றியபின் அதைத் தளர்த்தித்தான் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவார்கள். காற்று எப்போதும் மேலே போய்த்தான் தங்கும். அதனால் நிப்பிள் மேலே இருக்கணும். கீழே இருந்தால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் ஆயில்தான் வரும், காற்று உள்ளேயே கிடக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நம் கால் கொடுக்கும் அழுத்தம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. நாலு தடவை மிதித்தால் பெடல் கெட்டிப்படும் என்பதால் கேரேஜ் வாசலில் மிதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும்.

இன்னொன்று பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சுபாவம் கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140தான். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். மும்பை மழைக்காலத்தில் திறந்து வைத்த டப்பாவின் மிச்சத்தை ஊற்றவிடாதீர்கள். குர்லா சி.எஸ்.டி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வாங்கினாலும் சரி, கம்பெனி ஷோரூமில் வாங்கினாலும் சரி, சீல் உங்கள் கண்முன் உடையட்டும்.

தவறைக் காட்டிய பையன் உடனே ஸ்பேனரை எடுத்தான். பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவான், கெட்டிக்காரன். பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். நல்ல மெக்கானிக் தவறைச் சரிசெய்கிற வேகத்தில் அந்தத் தவறு நடந்ததற்கான சாட்சியமும் அழிந்துபோகிறது. பிறகு முதல் கேரேஜ்காரர் “நாங்க ஒழுங்காத்தான் மாட்டிக் கொடுத்தோம்” என்றால் நம் கையில் என்ன இருக்கும்? கழற்றுவதற்கு முன்பே நம்பர் பிளேட்டும் மீட்டரும் தெரிய ஒரு வீடியோ, இரண்டு சக்கரத்திலும் நிப்பிள் இருக்கும் இடத்தின் படம், தேதியோடு மெக்கானிக்கின் கையெழுத்துக் குறிப்பு, டோயிங் ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டார். முதல் கேரேஜுக்கும் போன் போட்டு, ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆள் வந்தது, பார்த்தது, வாதம் செய்யவில்லை. கூலியும் டோயிங் செலவும் திரும்பி வந்தன.

எல்லோரும் அப்படித் தருவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இப்படி மாற்றி மாட்டித் தருவது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம். எங்கே போனாலும் ஜாப் கார்டைத்தான் கேட்பார்கள். “பிரேக் வேலை – ரூ.” என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் சீட்டு எதற்கும் உதவாது. எந்தச் சக்கரம், எந்தப் பாகம், எந்த ஆயில், ஏர் எடுத்தாயிற்றா என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பேட்களையும் கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்கள்.

வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காலித் தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பெடலை அரை நிமிஷம் ஒரே அழுத்தமாக மிதித்தபடி வைத்திருங்கள். மெல்ல இறங்கினால் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போங்கள்.

(அடுத்த வாரம்: டயர் தேதியைப் படிப்பது எப்படி?)