பூச்சி மேல் முளைக்கும் பூஞ்சாணம்

கொல்லிமலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காப்பித் தோட்டத்துக்குள் போனால் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் ஒட்டியிருக்கும் பச்சைச் செதில்பூச்சியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால், அதன் மேல் மருந்தடிக்க ஓடாதீங்க. அது வெர்டிசீலியம் லெக்கானி என்ற பூஞ்சாணம். நமக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிருக்கு.

பாக்டீரியா, வைரஸ் மருந்துகளைப் பூச்சி பெரும்பாலும் தின்றால்தான் பலன். செதில்பூச்சியோ ஊசி போலக் குத்திச் சாறு உறிஞ்சுவது. இலைமேல் தெளித்தது அதன் வயிற்றுக்குப் போகாது. பூஞ்சாணத்துக்கு வாய் வழி தேவையில்லை. வித்து பூச்சியின் தோலில் ஒட்டி, ஈரத்தில் முளைத்து, தோலைக் கரைத்து உள்ளே இறங்கும். சில நாளில் பூச்சி சாகும். பிறகு உடம்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்து புது வித்துகளைப் பரப்பும். காட்டில் எறும்பு மேலும் சிலந்தி மேலும் வளர்கிற பூஞ்சாணங்களும் இந்த வழிதான். சிலந்தி நம்ம ஆள். அதையும் விடாத இனம் உண்டு!

காப்பிக் காய்த்துளைப்பான் 1990-ல் கூடலூரில் முதலில் தென்பட்டது. எள்ளைவிடச் சிறிய இந்த வண்டைப் பிவேரியா பேசியானா கொல்லும். துளை வாயில் வெள்ளைப் பஞ்சோடு செத்த வண்டைப் பார்க்கலாம். ஆனால் காய்க்குள் புகுந்துவிட்டால் தெளிப்பு எட்டாது. உதிர்ந்த காயையும் செடியில் மிஞ்சிய காயையும் பொறுக்காமல் பிவேரியாவை மட்டும் நம்பினால் காசுதான் நட்டம்.

சாயங்காலம், மூட்டம் போட்ட நாளில் தெளியுங்கள். வெயில் வித்தைக் கொல்லும்.

இலைத்துருவுக்கு நாம் அடிக்கிற போர்டோ கலவையில் இருப்பது தாமிரம். இயற்கை விவசாயத்தில் அதற்கு அனுமதி உண்டு என்பதால் கணக்கில்லாமல் அடிக்கிறோம். நோய்ப் பூஞ்சாணம் எது, நண்பன் எது என்று தாமிரத்துக்குத் தெரியுமா? செதில்பூச்சி திடீரென்று பெருகினால், கடைசியாகப் போர்டோ எப்போது அடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழ்நாட்டில் மல்பெரி வைத்திருப்பவர்கள் கவனம். 1835-ல் இத்தாலியின் அகோஸ்தினோ பாசி, பட்டுப்புழுவைக் கொல்லும் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சாணம் என்று காட்டினார். அதுதான் இந்தப் பிவேரியா. பேசியானா என்ற பெயரே அவரால் வந்தது. மல்பெரித் தோட்டத்துக்கும் புழு வளர்ப்பு மனைக்கும் பக்கத்தில் அதைத் தெளிக்கவே கூடாது.