நிதி முடிந்த பின் நிரலைக் காப்பது யார்?

மும்பை: டிராம்பே என்றதும் நினைவுக்கு வருவது பாபா அணு ஆராய்ச்சி மையம். அதன் ஊழியர்கள் வசிக்கும் அணுசக்தி நகரை ஒட்டி, மான்கூர்டில் வி.என். புரவ் சாலையில் உள்ளது ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாக 1974-ல் தொடங்கப்பட்ட இம்மையத்தை, அறிவியல் ஒலிம்பியாட் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் இடமாகவே பலரும் அறிவர். ஆனால், நாட்டின் கட்டற்ற மென்பொருள் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர் ஜி. நாகார்ஜுனா. இம்மையத்தில் அவர் நடத்திய ஆய்வகத்தில் உருவானதுதான் "நௌசிஸ்" என்ற மென்பொருள். பாடப் பொருள்களையும் கருத்துகளையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திச் சேமிப்பது இதன் பணி. யார் வேண்டுமானாலும் இதன் மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம்.

இந்த வேரிலிருந்து இரண்டு பெரிய பணிகள் கிளைத்தன. மத்திய அரசும் என்.சி.இ.ஆர்.டி.யும் 2013-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியத்துக்கான மென்பொருள் தளத்தை இந்த ஆய்வகமே அமைத்தது. அதே சாலையில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யுடன் இணைந்து, டாடா அறக்கட்டளைகளின் ஆதரவில் 2015-ல் "கிளிக்ஸ்" கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா மாநில அரசுப் பள்ளிகளில், இணைய வசதி இல்லாத இடங்களிலும் பாடங்களை வழங்க அதற்கும் இந்த ஆய்வகத்தின் தளமே பயன்பட்டது.

நிதி அளித்தவர்கள் மாறினர். திட்டங்களின் பெயர்களும் மாறின. ஆயினும் நிரல் ஒரு பணியிலிருந்து அடுத்த பணிக்குக் கைமாறியது. நிரந்தரமான ஒரு பொது நிறுவனமும், அங்கு தொடர்ந்து இருந்து வழிகாட்டுபவர்களும் இருந்ததே இதற்கு முக்கியக் காரணம் எனலாம். அத்தகைய இடம் இல்லாவிட்டால் திட்டக் காலம் முடிந்ததும் எழுதியவர்கள் வேறு வேலைக்குச் சென்றுவிடுவர். நிரல் திறந்தே இருக்கும். திருத்துவதற்குத்தான் ஆள் இருக்காது.

வாரிசு முறை: உலக அளவில் நீண்டகாலம் நிலைத்த மென்பொருள் திட்டங்கள் இந்தச் சிக்கலை முன்கூட்டியே உணர்ந்தவை. 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய "டெபியன்" இதற்குச் சிறந்த உதாரணம். நிறுவனரான அவர் 1996-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1997-ல் சமூக ஒப்பந்தமும், 1998-ல் சாசனமும் ஏற்கப்பட்டன. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடைபெறுகிறது. புதிதாகச் சேர விரும்புபவரின் திறனையும் கொள்கைப் பிடிப்பையும் பழைய உறுப்பினர்கள் சோதித்துச் சேர்த்துக்கொள்கின்றனர். ஒரு தொகுப்பைப் பராமரிக்க இயலாதவர் அதை வெளிப்படையாக அறிவித்து விலகலாம். மற்றொருவர் அதைத் தத்தெடுத்துக்கொள்வார். இதன் ஆண்டு மாநாடு 2023-ல் கொச்சியில் நடைபெற்றது.

"பைத்தான்" மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018-ல் தலைமையைத் துறந்தபோதும் பணி நின்றுவிடவில்லை. பங்களிப்பாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு 2019 முதல் அதை வழிநடத்துகிறது.

கவனியாமையின் விலை: இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் "ஓப்பன்எஸ்எஸ்எல்" மென்பொருளில் 2014-ல் பெரும் ஓட்டை கண்டறியப்பட்டது. உலகின் வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடையாகக் கிடைத்தது சுமார் 2,000 டாலர் மட்டுமே என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2024-ல் "எக்ஸ்இசட்" மென்பொருளில் நடந்தது இன்னும் ஆபத்தானது. ஊதியமின்றித் தனியாகப் பராமரித்துவந்தவர் களைத்திருந்த வேளையில், உதவ வந்தவர்போல் நுழைந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியில் கள்ளவழி ஒன்றை நிரலில் பதித்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். பராமரிப்பவரின் களைப்பே பாதுகாப்புக் குறைபாடாக மாறியது.

இந்திய முயற்சிகள்: இங்கும் பல வழிகள் சோதிக்கப்படுகின்றன. பவாயில் உள்ள மும்பை ஐ.ஐ.டி.யின் "பாஸ்ஸி" திட்டம், மத்திய அரசின் நிதியில், பாடநூல் கணக்குகளைக் கட்டற்ற மென்பொருளில் எழுதித் தரும் மாணவர்களுக்கு மதிப்பூதியம் வழங்கிவந்துள்ளது. மும்பையின் "ஃபிராப்பே" நிறுவனம், தனது "ஈஆர்பிநெக்ஸ்ட்" நிரலைத் திறந்துவைத்துவிட்டு, சேவைக் கட்டணத்தில் பொறியாளர்களுக்கு ஊதியம் அளிக்கிறது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, உலகெங்கும் உள்ள இத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தை 2024-ல் அறிவித்தது.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. லிப்ரேஆபிஸ், பயர்பாக்ஸ் போன்றவற்றின் தமிழ் வடிவம் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதிய சொற்றொடர்கள் சேரும். மொழிபெயர்ப்பவர் விலகிவிட்டால், அந்த இடங்களில் ஆங்கிலம் வந்து அமர்ந்துகொள்ளும். தாராவியின் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் சிறுமிக்கு அப்போது கிடைப்பது பாதித் தமிழ்க் கணினி.

தமிழக அனுபவமும் நினைவுகூரத்தக்கது. 2006-க்குப் பின் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கரின் முயற்சியால் அந்நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. அவருக்குப் பின் அந்த வேகம் நீடிக்கவில்லை. கேரளமோ பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களையே பயிற்றுநர்களாக்கியது. அதிகாரிகள் மாறினாலும் அங்கு பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் தொடர்கிறது.

அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-ல் கொள்கை வகுத்தது. அதன் நோக்கு பெரும்பாலும் மென்பொருளைத் தேர்வு செய்வதைப் பற்றியது. தேர்ந்தெடுத்த பின் அதைப் பேணுபவர்களுக்கான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அதே அளவு கவனத்தைப் பெற வேண்டும். பாலம் கட்ட ஒதுக்கும் நிதியோடு பராமரிப்புக்கும் தொகை ஒதுக்கும் அரசு, மக்களின் வரிப்பணத்தில் எழுதப்பட்ட நிரலுக்கும் அதைச் செய்யலாமே! டிராம்பேயின் அனுபவம் புது தில்லிக்குச் சொல்லும் செய்தி இதுதான்.