'அலர்ட்' என்னும் பெயரடை: பொருளும் வழக்கும்

ஆங்கிலத்தில் 'அலர்ட்' என்பது விழிப்புநிலையைக் குறிக்கும் பெயரடை. உயரமான இடத்தில் நின்று காவல் காத்தலைச் சுட்டும் இத்தாலியத் தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அதற்கு நேரான தமிழ் 'விழிப்பான' என்பதே. எச்சரிக்கை பிறர் விடுப்பது; விழிப்பு கேட்பவரிடம் இருப்பது. மேட்டூர் அணையின் உபரிநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறக்கப்படுங்கால், வடகரையிலுள்ள திருமானூர்ப் பகுதி மக்களுக்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிற வரிசையில் மஞ்சள் கவனித்திருத்தலையும், ஆரஞ்சு ஆயத்தமாதலையும், சிவப்பு உடனே செயற்படுதலையும் குறிக்கின்றன. முறைப்படி 'அலர்ட்' ஆரஞ்சுக்கே உரியது. நாளிதழ்களோ 'ரெட் அலர்ட்' என எழுதிப் பழகிவிட்டன. ஆயத்தமாகும் வேளைக்கும் செயற்படும் வேளைக்கும் ஒரே சொல் வழங்குகிறது.