பிந்தி வரும் நரம்புத் தளர்ச்சி: நிமல் சேனாநாயக்கவின் பேராதனை ஆய்வுகள்

தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் கால்கள்

1977, 1978ஆம் ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த சுமார் 20 தமிழ்ச் சிறுமிகளுக்குக் கால் தளர்ந்தது. எல்லாரும் புதிதாகப் பெரியபிள்ளையானவர்கள். இந்த வகை நோய் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் வரும். முதலில் கெண்டைக்கால் குடையும், பாதம் மரத்துப்போகும். அடுத்த சில நாட்களில் முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். நடக்கும்போது பெருவிரல் நிலத்தில் இழுபடும். அதைத் தவிர்க்க முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்தி, பாதத்தைத் 'தொப்' என்று போட்டு நடக்க வேண்டிவரும். அதன் பிறகு கைவிரல்களும் வலுவிழக்கும்.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நரம்பியலாளர் நிமல் சேனாநாயக்க இந்தப் பிள்ளைகளை ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்து நஞ்சின் மூலத்தைத் தேடியவர் தொழில்சார் சுகாதார ஆய்வாளர் ஜே. ஜெயரத்தினம். தளர்ச்சி ஏன் இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது என்பதே விசாரணையின் திறவுகோல். மலையகக் குடும்பங்களில் பெண் வயதுக்கு வந்ததும் உடல் தேறுவதற்காக நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பது வழக்கம். அதற்கென்றே தனியாக வாங்கிய எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது தெரியவந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக் தயாரிப்பிலும் சேர்க்கப்படும் பொருள் இது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்தபோது இது கலந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர். 1981இல் இருவரும் இதை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்லெண்ணெயிலும் குற்றமில்லை, அதைக் கொடுத்த தாய்மாரிடமும் குற்றமில்லை. கழுவினால் போகாத ஒரு நஞ்சு கலனில் ஒட்டியிருந்திருக்க வேண்டும். அதை ஏழைகள் வாங்கும் எண்ணெயில் கலக்கவிட்டது வாணிபத்தின் அலட்சியம். இதே நஞ்சு 1930இல் அமெரிக்காவில் 'ஜமைக்கா இஞ்சி' என்ற மதுச்சாரத்தில் சேர்க்கப்பட்டுப் பல்லாயிரம் பேரின் கால்களை முடக்கியது. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான இயந்திர எண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்து விற்கப்பட்டதால் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டனர். அங்கும் அகப்பட்டவர்கள் மலிவான சரக்கை வாங்கியவர்களே.

நஞ்சு நரம்பில் செய்வது

முதுகந்தண்டிலிருந்து பாதம்வரை போகும் நரம்பிழை ஒரு மீற்றர் அளவு நீளமானது. அதன் உயிர்க்கரு முதுகந்தண்டில் இருக்கிறது. நுனிக்குத் தேவையான புரதங்களும் சத்தும் அங்கிருந்தே இழை வழியாகப் போய்ச்சேர வேண்டும். ட்ரைகிரெசில் பொஸ்பேட் போன்ற சேர்மங்கள் நரம்பணுவில் உள்ள ஒரு குறிப்பிட்ட நொதியத்தைப் பற்றிக்கொண்டு, மீளமுடியாதபடி அதைச் செயலிழக்கச் செய்கின்றன. இந்த நொதியத்தை இனங்கண்டவர் பிரித்தானிய நச்சியலாளர் மார்ட்டின் ஜோன்சன். நொதியம் சில மணித்தியாலங்களிலேயே முடங்கிவிடும். ஆனால் இழை நுனியிலிருந்து சிதையத் தொடங்குவதற்கு ஒன்று முதல் மூன்று கிழமைவரை ஆகும். மிக நீளமான இழைகளே முதலில் கெடும் என்பதால், நோய் பாதத்தில் தொடங்கிக் கைக்கு ஏறுகிறது.

இந்த இடைவெளிதான் ஆபத்து. மூன்று கிழமைக்கு முன் சாப்பிட்ட ஒன்றை இன்றைய கால் தளர்ச்சியோடு சேர்த்து நினைக்க யாருக்கும் தோன்றாது. வைத்தியரும் கேட்காவிட்டால் காரணம் வெளிவராது. எண்ணெய் கடையிலேயே இருக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதையே குடிக்கும்.

காலின் நரம்புகள் மட்டுமன்றி, மூளையிலிருந்து முண்ணாண் வழியாக இறங்கும் நீண்ட இயக்கத் தடங்களும் பாதிக்கப்படும். தொடக்கத்தில் தசை தொய்ந்து கிடப்பதால் இந்தச் சேதம் மறைந்திருக்கும். காலின் நரம்புகள் மெல்ல வளர்ந்து தசைக்கு வலு திரும்பும்போது கால் விறைக்கத் தொடங்கும். குணமாகிக்கொண்டிருக்கிறது என்று குடும்பம் நம்பும் நேரத்தில் புதிய கோளாறு தலைகாட்டுவதால் சிலர் மனம் தளர்ந்து சிகிச்சையைக் கைவிடக்கூடும். சேனாநாயக்க தோட்டத்து நோயாளரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நரம்பின் மின்கடத்தலையும் அளந்து, 1981இல் தனிக் கட்டுரையாக எழுதினார். நோய்க்குப் பெயர் சூட்டியதோடு நிறுத்தாமல், அது மாறிவரும் போக்கையும் பதிவுசெய்தது அவர் பணியின் பெறுமதியைக் கூட்டுகிறது.

மருந்தடிக்கும் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்

ட்ரைகிரெசில் பொஸ்பேட்டுக்கு நெருங்கிய உறவான ஓர்கனோபொஸ்பேட் கிருமிநாசினிகள் அந்தக் காலத்தில் மரக்கறித் தோட்டங்களிலும் வயல்களிலும் தாராளமாகப் புழங்கின. அவற்றால் நஞ்சூட்டப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளே சேனாநாயக்கவின் பெயரை உலக மருத்துவ நூல்களில் நிலைநிறுத்தின. 1982இல் அவரும் ஜோன்சனும் 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' இதழில், மெத்தமிடோபொஸ் உட்கொண்டு உயிர்தப்பியவர்களுக்குச் சில கிழமைகள் கழித்துக் கால் தளர்ந்ததை விவரித்தனர்.

ஐந்து ஆண்டுகளின் பின், 1987இல், அதே இதழில் அவரும் மயக்கமருந்து நிபுணர் லக்ஷ்மன் கரலியத்தவும் எழுதிய கட்டுரை இன்னொரு நிலையை இனங்காட்டியது. ஓர்கனோபொஸ்பேட் உடலுக்குள் போனதும் வாய்நீர் வழிதல், வியர்வை, கண்மணி சுருங்கல், மூச்சடைப்பு ஆகியவை உடனே வரும். அத்ரோப்பின் ஊசி அவற்றைக் கட்டுப்படுத்தும். கிழமைக்கணக்கில் பிந்தி வரும் கால் தளர்ச்சியும் தெரிந்ததே. இவ்விரண்டுக்கும் நடுவில், 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் திடீரென்று தசைகள் செயலிழந்த 10 நோயாளரை அவர்கள் விவரித்தனர். ஃபென்தியோன், மொனோகுரோட்டோபொஸ், டைமெத்தொயேட், மெத்தமிடோபொஸ் ஆகிய நான்கு கிருமிநாசினிகள் காரணமாயிருந்தன. தளர்ச்சி 18 நாட்கள்வரை நீடித்தது. இதை அவர்கள் 'இடைநிலை நோய்க்குறி' என்று அழைத்தனர். இன்று உலகெங்கும் இதே பெயர் வழங்குகிறது.

இதன் முதல் அறிகுறியைக் கட்டிலருகில் நிற்பவர் எவரும் காணலாம். நோயாளி தெளிவாக இருப்பார், பேசுவார், பசிக்கிறது என்றுகூடச் சொல்வார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் மட்டும் முடியாது. கழுத்தின் முன்தசைகள் முதலில் சோரும். தோளும் இடுப்பும் தொடர்ந்து சோரும். மூச்சுத் தசைகளும் சோர்ந்தால் செயற்கைச் சுவாசம் இல்லாமல் உயிர் தங்காது. அத்ரோப்பின் இந்தத் தளர்ச்சியைத் தடுக்காது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் செய்தி கடப்பது தடைப்படுவதே காரணம். மூச்சைத் தாங்கிப் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் முற்றாகத் தேறுகிறார்கள். நஞ்சு குடித்தவர் 'தேறிவிட்டார்' என்று இரண்டாம் நாளே வீட்டுக்குக் கூட்டிப்போகும் அவசரம் எவ்வளவு கொடியது என்பதை இந்த ஒரு கட்டுரை உணர்த்துகிறது.

மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் இரண்டையும் இலங்கை 1995இல் தடைசெய்தது. டைமெத்தொயேட்டும் ஃபென்தியோனும் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47ஆக இருந்த தற்கொலை மரண வீதம் 2005இல் 24ஆகக் குறைந்தது. கொடிய நஞ்சுகள் கைக்கெட்டாமல் போனது இதற்கு முக்கிய காரணம் என்பது ஆய்வாளர் கருத்து.

மலேரியாவுக்குப் பின் தள்ளாட்டம்

பிந்தி வரும் நரம்புக் கோளாறு நஞ்சினால் மட்டும் வருவதில்லை. ஃபல்சிபாரம் மலேரியாக் காய்ச்சல் விட்டுச் சில கிழமைகளின் பின் சிலருக்கு நடை தள்ளாடி, பேச்சுக் குழறுவதை சேனாநாயக்க 1987இல் எழுதினார். 1994இல் எச். ஜே. டி சில்வாவுடன் இத்தகைய 74 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சிறுமூளை சார்ந்த இந்தத் தள்ளாட்டம் தானாகவே குணமாகிவிடும் என்பது நோயாளருக்கு மிகப் பெரிய ஆறுதல். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. ஆனாலும் வெளிநாடு போய்த் திரும்புவோருக்கு இந்த அறிவு இன்னும் தேவை.

நரம்பு வளரும்வரை காலைக் காப்பது

நஞ்சினால் சிதைந்த கால் நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். முழங்காலிலிருந்து பாதத்துக்கு 400 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த ஓராண்டும் கால் சும்மா கிடந்தால், நரம்பு வந்து சேரும்போது அதற்கு வேலைசெய்யத் தசையோ மூட்டோ மிஞ்சாது. கெண்டைத்தசை சுருங்கி, குதிகால் நாண் குறுகி, பாதம் கீழ்நோக்கி இறுகிவிடும். இந்த இறுக்கத்தை நோய் உண்டாக்குவதில்லை, கவனிப்பின்மை உண்டாக்குகிறது.

ஆகவே மறுவாழ்வுச் சிகிச்சை நோய் கண்ட நாளிலேயே தொடங்க வேண்டும். படுக்கையிலும் பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அணைகட்டி வைப்பது முதல் வேலை. முழங்காலை நீட்டி வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளி அப்படியே சற்று நேரம் பிடித்துவைப்பதை இயன்மருத்துவர் ஒருமுறை காட்டித்தந்தால், வீட்டில் யாரும் நாளுக்குப் பலமுறை செய்யலாம். எழுந்து நடக்கத் தொடங்கியதும் கணுக்கால் தாங்கி அணிந்தால் பெருவிரல் தடுக்கி விழுவது குறையும். தோட்டத்துப் படிக்கட்டிலும் சரிவிலும் நடப்பவருக்கு இது மிக அவசியம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கல் குத்தினாலும் வலிக்காது என்பதால் செருப்பும், நாள்தோறும் உள்ளங்காலைப் பார்ப்பதும் வேண்டும்.

முண்ணாண் தடங்கள் கால் நரம்பைப்போல மீண்டும் வளர்வதில்லை. அங்கே நம்பிக்கை மூளையின் கற்கும் திறனில் இருக்கிறது. ஓர் அசைவைப் பயனுள்ள வேலையாக, பலநூறு தடவை, சிறிது சிறிதாகக் கடினமாக்கிச் செய்யும்போது எஞ்சிய பாதைகள் அந்த வேலையை ஏற்கப் பழகுகின்றன. பாரிசவாத நோயாளருக்கும் இதே அடிப்படையில்தான் பயிற்சி கொடுக்கப்படுகிறது.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் இயன்மருத்துவப் பிரிவுகள் உள்ளன. திகனையில் மறுவாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகிறது. ஆனால் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்துபோக ஒருநாள் சம்பளம் போய்விடும். அதனால் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைத் தமிழில் எழுதி, படம் வரைந்து கொடுப்பதை ஒவ்வொரு பிரிவும் கடமையாகக் கொள்ள வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கிருமிநாசினி, இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய் வைத்திருந்த கேனிலோ பரலிலோ சமையல் எண்ணெயும் குடிநீரும் ஊற்றவே கூடாது. எத்தனை முறை கழுவியிருந்தாலும் கூடாது. மருந்தடிக்கும்போது உடம்பில் சிந்தினால் உடுப்பை உடனே கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். யாராவது நஞ்சை உட்கொண்டிருந்தால் வாந்தி எடுக்கவைக்காமல், போத்தலையும் லேபலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வீடு திரும்பியபின் ஒரு மாதத்துக்குள் கெண்டைக்கால் குடைச்சலோ, பாதம் தொங்குவதோ கண்டால் மீண்டும் வைத்தியரிடம் போய், பழைய நஞ்சூட்டலைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவோரும், அப்படி ஒருவரைப் பற்றிக் கவலைப்படுவோரும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் பேசலாம்.