பூக்காத அவரையும் பொல்லாத கண்ணூறும்

இலண்டனின் மேற்குப் புறநகரில் உள்ளூராட்சி சபை குத்தகைக்கு வழங்கும் தோட்டத் துண்டொன்றில், இரு கோடைகளுக்கு முன் ஓர் அவரைக் கொடி பந்தல் கொள்ளாமற் படர்ந்தது. துண்டு உறவினர் ஒருவரின் பெயரில் இருந்தது. அதைப் பராமரித்தவர் எமது வாசகர்களுள் ஒருவர். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர். தொழில் செய்ய அனுமதி இல்லாதவர். காலையில் எழுந்தால் போவதற்கு அவருக்கிருந்த ஓரிடம் அத்தோட்டமே.

யூன் மாதத்தில் ஒருநாள் அவருடைய ஊரைச் சேர்ந்த மாமி ஒருவர் தோட்டம் பார்க்க வந்தார். “என்ன தம்பி, காடு மாதிரியெல்லோ வளர்ந்து கிடக்கு!” என்று வாய்விட்டு வியந்தார். யூலை போயிற்று, ஓகஸ்டும் போயிற்று. இலை இலையாக வந்ததேயன்றி, ஒரு பூவேனும் இல்லை. கண்ணூறு பட்டுவிட்டது என்று வீட்டார் தீர்மானித்தனர். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலிட்டனர். (புகை எச்சரிக்கை மணி அலறி மாடிவீட்டார் எல்லோரும் தெருவுக்கு இறங்கியது வேறு கதை.) இரு குடும்பங்களுக்கும் இடையே பேச்சு நின்றது. செப்ரெம்பர் கடைசியில் கொடி பூத்தது. காய் முற்றுமுன் ஒக்ரோபர் உறைபனி அதனைக் கருக்கிவிட்டது.

இத்தகைய முறையீடுகள் எமக்குப் புதியனவல்ல. சிறகவரையும் துவரையும் இவ்வாறே ஏமாற்றியதாகப் பலர் எழுதியுள்ளனர். கண்ணூறு என்பார் சிலர். மலட்டு விதை என்பார் சிலர். இந்நாட்டு மண்ணே நமக்கு ஒத்துவராது என்பார் வேறு சிலர். இம்மூன்றும் தவறு என்பதற்கான சான்று நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. கிடைத்த இடமும் எம்மவர்க்கு அந்நியமானதன்று; அது ஒரு புகையிலைத் தோட்டம்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்னும் இரு அறிஞர்கள், ‘மேரிலாண்ட் மம்மத்’ என்ற புகையிலை இனத்தை வளர்த்து வந்தனர். கோடையில் அது ஆளுயரத்தைத் தாண்டி வளரும், பூக்காது. அதே இனம் குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தினுள் குட்டையாக நின்று பூத்துவிடும். வெப்பம், ஈரம், பசளை என ஒவ்வொன்றாக ஆராய்ந்தும் காரணம் பிடிபடவில்லை. இறுதியில், கோடையிலேயே செடிகளை மாலை தோறும் ஒளிபுகாத கொட்டிலுக்குள் தள்ளி, மறுநாட் காலையில் வெளியே எடுத்தனர். அவை பூத்தன, வெளியே விடப்பட்டிருந்தவை பூக்கவில்லை. பகலின் நீளமே பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கிறது என்ற இம்முடிவை அவர்கள் 1920இல் வெளியிட்டனர். பின்னர் 1938இல் ஹாம்னர், பொனர் என்போர் மருளூமத்தைச் செடியில் ஆராய்ந்து மேலும் ஒன்றைக் கண்டனர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கை ஏற்றினாலும் அச்செடி பூப்பது தடைப்பட்டது. ஆகவே செடி அளப்பது பகலையன்று, இடையறாத இருளையே.

இனி எமது அவரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மணித்தியாலம் மாத்திரமே. இலண்டனிலோ யூன் மாதப் பகல் 16½ மணித்தியாலத்தையும் தாண்டும். டிசெம்பரில் அது 8 மணித்தியாலத்துக்குள் ஒடுங்கும். ஊரிலிருந்து வந்த அவரை இனங்களுட் பெரும்பாலானவை நீண்ட இரவு கண்டாலன்றிப் பூவாதவை. இங்கு இரவும் பகலும் சமனாவது செப்ரெம்பர் இறுதியில். அதன்பின் உறைபனிக்கு அதிக நாளில்லை. மாமி வாய் திறவாது போயிருந்தாலும் அக்கொடி யூலையிற் பூத்திராது. மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியன பகலின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதனாற்றான் அதே தோட்டத்தில், அதே ‘கண்’ பட்ட பின்னரும், அவை காய்த்துத் தள்ளின.

வெங்காயத்திலும் இதே கணக்கு, தலைகீழாக. வெங்காயம் குமிழ் வைப்பதற்குப் பகல் குறித்த அளவுக்கு நீள வேண்டும். வெப்ப நாட்டு இனங்களுக்கு 12 மணித்தியாலமளவே போதும். வடநாட்டு இனங்களுக்கு 14 முதல் 16 வரை வேண்டும். ஊர்ச் சின்ன வெங்காயத்தை ஏப்ரலில் இங்கு நட்டால், இலை வளருமுன்பே பகல் அவ்வளவைக் கடந்துவிடும். செடி அவசரப்பட்டுக் குமிழ் வைத்து ஓய்ந்துவிடும். கிடைப்பது சுண்டுவிரல் நுனியளவு வெங்காயம். பழி வழக்கம்போல் மண்மேற் போகும்.

கறிவேப்பிலையின் கதை சற்று வேறானது. புளித்த மோர் ஊற்றினாற் செடி தழைக்கும் என்பதை ஏற்காத வீடு எம்மவரிடையே அரிது. ஊரிற் கறிவேப்பிலை நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள்: கிணற்றடி, அல்லது அடுக்களைப் பின்புறம். மோர்ச்சட்டி கழுவிய நீர் மாத்திரமா அங்கே போயிற்று? அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர், அடுப்புச் சாம்பல், ஆண்டு முழுவதும் வெயில் எனச் செழிப்புக்கு எத்தனையோ காரணங்கள் இருக்க, புகழை மோர் தட்டிக்கொண்டது. மோரில் சிறிதளவு தழைச்சத்து உண்டு என்பது மெய். ஆனால் அது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்ட பின்னரே வேருக்குப் பயன்படும். அதன் புளிப்பும் சில நாட்களில் மறைந்துவிடும்.

குளிர்நாட்டு வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். டிசெம்பரில் ஒளி குறைந்து யன்னலோரம் குளிர்ந்ததும் கறிவேப்பிலை இலை உதிர்த்து உறங்குகிறது. பதறிப்போய் மோர் ஊற்றுகிறோம். உறங்கும் வேர் நீரை உறிஞ்சாது. சாடி மண் ஊறிப் புளித்து, சிறு கொசுக்கள் மொய்த்து, வேர் அழுகுகிறது. தப்பிய செடிக்கு மார்ச்சில் மீண்டும் மோர், ஏப்ரலில் துளிர். மோரின் மகிமை என்கிறோம். ஒரு சொட்டு மோரும் காணாத அயல்வீட்டுச் செடியும் அதே கிழமையில் துளிர்த்ததை யார் கவனித்தார்கள்? குளிர்காலத்தில் அச்செடிக்கு வேண்டியது மிகக் குறைந்த நீர், கிடைக்கக்கூடிய அவ்வளவு ஒளி, 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காத இடம். வசந்தத்தில் பசளை போதும். மோரை நீங்களே குடித்துவிடலாம்.

வெள்ளையர் தோட்டங்களிலும் கட்டுக்கதைகளுக்குக் குறைவில்லை. நடுப்பகலில் நீர் தெளித்தால் துளிகள் உருப்பெருக்கிக் கண்ணாடி போலாகி இலையைச் சுட்டுவிடும் என்று இங்குள்ள முதியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். மழமழப்பான இலைகள் கருகவில்லை. துளியை மேலே தாங்கி நிற்கும் மயிர்களையுடைய ஒருவகை நீர்ப்பன்னத்திலேயே சூட்டுக்காயம் தோன்றியது. சாடியின் அடியில் கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பதும் பிழையே. மண் நிரம்ப ஊறினாலன்றி நீர் கல்லுக்குள் இறங்காது. ஆகவே ஈரம் வேருக்கு இன்னும் அண்மையிற் தேங்கி நிற்கும்.

இதனால் முன்னோர் அறிவெல்லாம் பொய் என்று எவரும் கொள்ளற்க. தோட்டத்திற் பூவரசங்குழை தாழ்த்திய எமது கமக்காரர் மண்ணியல் படித்தவரல்லர். எனினும் பச்சைக் குழை தழைச்சத்தையும் மக்கையும் மண்ணுக்குத் தருகிறது என்பதை விஞ்ஞானம் அப்படியே ஏற்கிறது. ஆனால் அதே எண்ணத்தோடு இங்குள்ள இலையுதிர்காலச் சருகை அள்ளித் தாழ்த்தினால் நட்டம். மரம் தன் இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியை மீள எடுத்துக்கொள்கிறது. வெறும் சருகைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பறிப்பதால் பயிர் மஞ்சளிக்கும். சருகைக் குவித்து ஓராண்டுக்கு மேல் மக்கவிட்டுப் பின் இடுவதே முறை. ஊரில் மெய்யாயிருந்தது இங்கே பொய்யாவது இப்படித்தான், சொன்னவரிடம் குற்றமில்லை.

பேச்சு நின்றுபோன குடும்பத்தின் செய்தியைக் கேட்க விரும்புவீர்கள். கார்னரும் அலார்டும் செய்ததை எமது வாசகருக்கு விளக்கிக் கூறினோம். அவர் சென்ற ஆண்டு ஒரே விதைப் பையிலிருந்து இரண்டு சாடிகளில் அவரை ஊன்றினார். ஒன்றை மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை கறுப்பு வாளியாலும், வளர்ந்த பின் தடித்த கறுப்புத் துணியாலும் நாள் தவறாது மூடினார். மொட்டுத் தெரியும் வரை விடவில்லை. மற்றதை அதன் போக்கில் விட்டார். மண், நீர், பசளை எல்லாம் ஒன்றே. மூடிய செடி யூலையில் ஊதாப்பூப் பூத்தது. மூடாதது வேலியேறி இலை விரித்து நின்றது. முதற் பறிப்பை ஒரு பையிலிட்டு மாமி வீட்டுக் கதவைத் தட்டியதாகச் சொன்னார். அங்கு என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

இவ்வளவு பாடுபட விரும்பாதோர் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அவரை இனங்களைத் தேடிக்கொள்ளலாம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘அர்க்கா ஜய்’, ‘அர்க்கா விஜய்’ என்பன அத்தகையன. மூடிப் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவும்: தெருவிளக்கு விழும் பல்கணியில் அரைகுறை மூடல் பயன் தராது. எமது வாசகர் இவ்வாண்டு சிறகவரையில் இறங்கியிருக்கிறார். வாளி போதாது, பந்தலுக்கே கறுப்புத் துணி தைக்க வேண்டுமாம். தையல் இயந்திரம் மாமியுடையது.