பட்டவராயன் செருப்பும் காட்டில் நடக்கும் உரிமையும்

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு நேர்ந்துகொள்வது வழக்கம். கட்டிய செருப்பை அடுத்த வருசம் போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும், சாமி அதைப் போட்டுக்கிட்டுக் காடெல்லாம் நடக்குதுல்லா என்பார்கள் வி.கே.புரத்து ஆட்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகலாம். எனக்கு என்னவோ இதற்குள் காடு பற்றிய ஒரு கருத்தாக்கம் இருப்பதாகப் படுகிறது. காட்டில் நடக்கிறவனுக்கு அங்கே வேலை இருக்கிறது. வேலை இருப்பதால் செருப்பு தேய்கிறது.

நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணக்கப் பூணூலை அறுத்தெறிகிறான், செருப்புத் தைக்கிறான், மாமனார் வாலப்பகடையின் மாடுகளைக் காக்கப்போய்ச் சாகிறான். அவன்தான் பட்டவராயன். சாதியை முன்வைத்து இக்கதையை வாசித்திருக்கிறோம். நிலத்தை முன்வைத்தும் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பொதிகைச் சரிவு இக்கதையில் மாடு மேய்கிற, தோல் பதமாகிற, களவு நடக்கிற, காதல் நடக்கிற இடம். மனிதர்களைக் கழித்துவிட்டு மீதியாக நிற்கும் 'இயற்கை' என்ற ஒன்று அங்கே இல்லை.

அந்தக் கழித்தல் பிறகு வந்தது. 1962இல் முண்டந்துறை சரணாலயம். 1976இல் களக்காடு சரணாலயம். 1988இல் இரண்டையும் சேர்த்துத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். இன்றைக்குப் பட்டவராயன் உயிரோடு வந்து மாட்டைப் பத்திக்கொண்டு உள்ளே போனால் வழக்குப் பதிவாகும். காமிராவும் தண்ணீர்ப் பாட்டிலுமாக, அனுமதி பெற்று வருகிறவர் இயற்கை ஆர்வலர். கால்கள் ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். எதற்காக நடக்கிறாய் என்ற கேள்விக்கு 'சும்மா, பார்க்க' என்று சொல்ல முடிந்தவருக்கே காடு திறக்கிறது. சும்மா நடப்பதற்கும் ஒரு வர்க்கம் இருக்கிறது. அதைக்கூட ஐரோப்பாவில் உழைப்பவர்கள் சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள்: 1932இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மேட்டில், நிலவுடைமையாளர்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் கூட்டமாக ஏறி நடந்த இளம் தொழிலாளிகளில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

நம் அடிவாரத்தில் குற்றவாளியாக்கப்பட்டவர் விறகுக் கட்டுச் சுமந்த பெண். விடியுமுன் மலையேறி, சும்மாடு வைத்து, உச்சி வெயிலில் இறங்கி, பாதியை விற்று மீதியில் அடுப்பு எரித்தவர். 1990களின் நடுவில் உலக வங்கிக் கடனில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கிராம வனக்குழுக்கள் அமைந்தன, மாற்றுத் தொழிலுக்குக் கடன் கிடைத்தது, விறகைக் குறைக்கும் அடுப்புகளும் வந்தன. விறகுக்குப் போவது குறைந்தது, ஓரத்துக் காடு தழைத்தது. இதை மறுப்பது நேர்மையாகாது. விறகு சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பெண்கள் யாரும் அந்தக் காலம் திரும்பட்டும் என்று கேட்கவுமில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 2000 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம், சரணாலயங்களிலிருந்து காய்ந்து விழுந்த மரத்தையும் ஆற்றில் ஒதுங்கிய கட்டையையும் புல்லையும்கூட எடுக்கக்கூடாது என்றது. சுள்ளி, சட்டத்தின் கண்ணில் அவ்வளவு பெரிய பொருள்.

இதே மலையிலிருந்து கட்டுக் கட்டாக அல்ல, மொத்தமாக எடுத்தவர்கள் யார்? பாபநாசம் அருவியின் விசையை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைத்தார்கள். வி.கே.புரம் ஊராக வளர்ந்தது அந்த ஆலைச் சங்குக்குத்தான். 1940களில் காரையாற்றில் 143 அடிக்கு அணை எழும்பியது, பள்ளத்தாக்குக் காடு தண்ணீருக்குள் போனது, 1944இல் பாபநாசத்தில் மின்சாரம் உற்பத்தியானது. தெற்கே மணிமுத்தாறுக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்ட எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் சோலைக்காடு தேயிலையானது. நூலாகவும் கரண்டாகவும் தேயிலையாகவும் மலையை இறக்கிக்கொண்டவர்களின் செருப்பு அங்கே தேயவில்லை. காட்டில் காலடி பதித்தவர்களைத்தான் காலடித் தடம் வைத்துப் பிடிக்க முடியும்.

மாஞ்சோலைத் தொழிலாளர்கள் விசயத்தில் இது அப்பட்டம். கூலி உயர்வு கேட்டு, சிறையிலிருந்தோரின் விடுதலை கேட்டு 1999 ஜூலை 23இல் நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். 2024இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்துக் கடையைக் கட்டியபோது, தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் திடீரென்று புலிக்கு இடைஞ்சலானார்கள். காடு காடாகத் திரும்பட்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தேயிலையைக் காடாக்கும் வேலைக்கு அந்த மண்ணின் ஒவ்வொரு வளைவும் தெரிந்த அவர்களை விடப் பொருத்தமானவர்கள் யார் என்பதே என் கேள்வி.

நம் பக்கத்துக் கோளாறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆடி அமாவாசைக்கு அய்யனார் கோயிலில் நாள்கணக்கில் தங்குகிற ஜனம் போட்டுவிட்டு வரும் பிளாஸ்டிக்கும், பாவம் கழிகிறதென்று பாபநாசம் படித்துறையில் அவிழ்த்து விடும் துணிகளும் எந்த நாட்டார் மரபிலும் சேராது. மாட்டு வண்டி கட்டிப் போன காலத்து மரபைச் சொல்லிக்கொண்டு காரில் போகிறோம். வனத்துறை நாளைக் குறைத்தால், வண்டியை நிறுத்தினால், சாமியைத் தடுக்கிறான் என்று கத்துகிறோம்.

எத்தனை நாள், எத்தனை பேர், உள்ளே எது போகலாம் என்பதை ரேஞ்சர் ஆபீசே முடிவு செய்ய வேண்டியதில்லை. மயிலாறிலும் சேர்வலாறிலும் இருக்கிற காணிக்காரர்களின் கிராம சபைக்கு 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. திருவிழாவுக்கு முந்திய கூட்டத்தில் அவர்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லி நாம் மனுக் கொடுக்கலாம்.